வாரம் 3 மணி நேரம் தன்னார்வப் பணி செய்துவிட்டு "2 வருட அனுபவம்" என்று போடலாமா?

கணக்கன்:
வேலை தேடுபவர்களுக்கு இங்கே ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் 3 மணி நேரம் தன்னார்வலராகப் போனால் போதும், இரண்டு வருடம் கழித்து தற்குறிப்பில் "2 வருட அனுபவம்" என்று எழுதலாமாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 104 வாரம், 312 மணி. நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் 39 நாள். 39 நாளை இரண்டு வருடம் என்று எழுதுவதற்குப் பெயர் பொய்.

நூல்கண்டு:
அதைச் சொன்னது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஒரு முதியோர் இல்லத்துக்கு இரண்டு வருடம் நன்கொடைக் கணக்கு எழுதினேன். ரசீதுகளை எக்செல்லில் பதிவேன், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பேன், தணிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். இரண்டு ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்திருக்கிறேன். தொடர்ந்து 39 நாள் வேலைக்குப் போனவர் எத்தனை ஆண்டுக் கணக்கு முடிப்பார்?

கணக்கன்:
நல்ல வேலைதான். பக்கத்தில் "வாரம் 3 மணி" என்று எழுதினீர்களா?

நூல்கண்டு:
நேர்காணலில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கணக்கன்:
ஆக, எழுதவில்லை.

பழையசாவி:
பத்து வருடமாக ஆள் எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். "நிகழ்ச்சிகளில் உதவினேன்" என்று எழுதியவரைத் தாண்டிப் போய்விடுவேன். "200 பேருக்குப் பதிவு மேசையை நடத்தினேன், வராதவர்களின் இடத்தைக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தேன்" என்று எழுதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவேன். நாள் கணக்கைப் பார்ப்பதே இல்லை. வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் 2011லேயே தன்னார்வப் பணிக்குத் தனிப் பகுதி கொடுத்துவிட்டது.

கணக்கன்:
தனிப் பகுதி! நீங்களே சொல்லிவிட்டீர்கள். பணி அனுபவத்தோடு கலக்கவில்லையே.

கட்டற்றவன்:
1991இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியபோது அவர் மாணவர், யாரும் சம்பளம் தரவில்லை. அதுவும் 39 நாளா? அதைப்போல யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு நான் வழுத்திருத்தம் (பிழை நீக்கும் நிரல்) அனுப்பினேன். முதல் மூன்றைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் திருத்தக் குறிப்புகளில் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் என் பெயரில் பொதுவில் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள்.

கணக்கன்:
எல்லாரும் டோர்வால்ட்ஸ் ஆகிவிட முடியாது. இன்று லினக்ஸ் கெர்னலில், அதாவது அதன் மைய நிரலில், பெரும்பகுதியை எழுதுவது சம்பளம் வாங்குபவர்கள். தவிர, உங்கள் வேலை பொதுவில் கிடக்கிறது, யாரும் சரிபார்க்கலாம். நூல்கண்டுவின் 39 நாளை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

நூல்கண்டு:
இல்லத்தின் செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறது. போன மாதம் வட்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, கடைசிவரை ஒப்புக்கொள்ளாதவர் எனக்குக் கணக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

கணக்கன்:
அது கூட்டு வட்டி. நீங்கள்தான் தனிவட்டி என்று நினைத்தீர்கள். அதை விடுங்கள். கடிதத்தில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறதா?

மழைத்துளி:
சண்டைக்கு நடுவே ஒன்று சொல்கிறேன். ஒரு தனியார் நிறுவனம் "தன்னார்வலர்" என்று சொல்லி என்னை 6 மாதம் விற்பனை வேலை செய்யவைத்தது. தினமும் முழுநேரம். கடைசியில் ஒரு சான்றிதழ்கூடத் தரவில்லை. லாபம் பார்க்கும் இடத்துக்கு ஏன் இலவசமாக உழைக்கவேண்டும்? "அனுபவம் கிடைக்கும்" என்று இளைஞர்களை அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழையசாவி:
அது தன்னார்வமே இல்லை அம்மா, சம்பளம் தராமல் ஏய்த்தது. கூட வேலை பார்த்த யாராவது உங்களுக்காகப் பேசுவார்களா?

கணக்கன்:
முழுநேரம் என்றால் அது நிஜமான 6 மாதம். தைரியமாக எழுதுங்கள்.

நூல்கண்டு:
சான்றே இல்லாத அவருக்கு 6 மாதம், கடிதம் வைத்திருக்கும் எனக்கு 39 நாளா?

கணக்கன்:
ஆமாம். அவர் தினமும் போனார்.

நூல்கண்டு:
என் தற்குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

கணக்கன்:
"வாரம் 3 மணி". இரண்டே சொல், ஓர் எண். அதைச் சேர்க்க ஏன் இவ்வளவு பயம்?