கையில் 8,000 ரூபாய் மட்டும்: கடலூரில் வீட்டிலிருந்தே விற்பனையைத் தொடங்க வழி உண்டா?

பாடலி (திருப்பாதிரிப்புலியூர்)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறார். மாதக் கடைசியில் மிச்சம் என்று எதுவும் நிற்பதில்லை என்பதால், வீட்டில் இருந்தபடியே ஏதாவது ஒரு பொருளை வாங்கி விற்க வேண்டும் என்று எண்ணுகிறேன். சீட்டுப் பணத்திலிருந்து 8,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடை எடுக்க முன்பணமும் வாடகையும் கட்டும் நிலையில் நான் இல்லை. வீட்டின் முன்னறையை மட்டும் இதற்குப் பயன்படுத்தலாம்.

மூன்று பொருள்களை மனத்தில் வைத்திருக்கிறேன். பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பை வாங்கிவந்து சிறு பொட்டலங்களாக விற்பது ஒன்று. நைட்டி, உள்பாவாடை போன்றவற்றை மொத்தமாக எடுத்து அக்கம்பக்கத்தில் விற்பது இன்னொன்று. முதுநகர்த் துறைமுகத்துப் பக்கமிருந்து கருவாடு எடுத்து விற்பது மூன்றாவது. இவற்றில் எதில் லாபம் அதிகம்? பணம் போதாது என்று தெரு முனையில் இருப்பவர் 10,000 ரூபாய் தண்டல் (நாள்தோறும் தவணை வசூலிக்கும் கடன்) தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கலாமா? முதலியார்பேட்டையில் இருக்கும் என் கொழுந்தனார், முந்திரியைப் பொட்டலம் போட்டு அனுப்பினால் புதுச்சேரியில் தமக்குத் தெரிந்தவர்களிடம் விற்றுத் தருவதாகவும் கூறுகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

முதுநகர் மளிகை

அம்மா, எதில் லாபம் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய முதலோடு இறங்குபவர் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்பி வரும் என்பதுதான். பல ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். விலைகள் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இந்த எண்களை எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ளுங்கள். 5,000 ரூபாய்க்கு நைட்டி எடுத்து, நூற்றுக்கு முப்பது லாபம் வைத்து விற்றால் 1,500 ரூபாய் கிடைக்கும். ஆனால் துணி வாங்குபவர் அளவு, நிறம், பூவேலை என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார். பத்துப் பேர் பார்த்தால் இருவர் வாங்குவர். கடைசியில் யாருக்கும் பிடிக்காத நாலைந்து உருப்படிகள் பீரோவில் தங்கிவிடும். அந்த 5,000 ரூபாய் முழுதும் திரும்பி வர மூன்று மாதம் ஆனால், உங்கள் வருமானம் மாதம் 500 ரூபாய்தான். அதற்கு மாறாக, கிலோ 800 ரூபாய் என்று ஆறு கிலோ முந்திரியை 4,800 ரூபாய்க்கு வாங்கி, பைச் செலவும் பேருந்துக் கட்டணமும் போகக் கிலோவுக்கு 100 ரூபாய் மட்டுமே நின்றாலும், ஒரு வாரத்தில் விற்றுத் தீர்ந்தால் 600 ரூபாய் கிடைக்கும். அதே பணத்தை மாதத்தில் நான்கு முறை சுற்றினால் 2,400 ரூபாய். விழுக்காட்டைப் பார்த்தால் நைட்டிதான் பெரிதாகத் தெரியும். கைக்கு வரும் பணத்தைப் பார்த்தால் முந்திரி பெரிது. ஆகவே வாரத்திற்குள் விற்றுத் தீரும் அளவை மட்டும் வாங்குங்கள். முதல் வாரம் ஆறு கிலோ வேண்டாம். மூன்று கிலோவே போதும்.

8,000 ரூபாயையும் சரக்கில் போடாதீர்கள். தராசுக்கும் பைகளுக்கும் சம்படத்திற்கும் ஒரு பகுதி போகும். இன்னும் ஒரு 2,000 ரூபாயைத் தொடாமல் தனியே வையுங்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சரக்குப் பணத்தில் கைவைக்காமல் இருக்க அது ஒன்றே காவல்.

தண்டல் வேண்டவே வேண்டாம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வாங்குவது நம் பக்கத்தில் நடப்பதுதான். 1,500 ரூபாய் வட்டி சிறியதாகத் தோன்றும். ஆனால் மறுநாள் முதலே அசலும் குறையத் தொடங்குவதால், நூறு நாளில் சராசரியாக அதில் பாதிப் பணம்தான் உங்கள் கையில் இருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தையும் தாண்டிப் போகிறது. தொழில் பழகும் முதல் வாரத்திலேயே, விற்றாலும் விற்காவிட்டாலும், 700 ரூபாயை எடுத்து வைக்க வேண்டும். அது லாபத்திலிருந்து வராது, சரக்கை அரித்தே வரும். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகிய எல்லாவற்றையும் தடை செய்து 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பண்ருட்டிக்காரி

அக்கா, எங்கள் வீட்டில் முந்திரி உடைத்துத் தோல் உரிக்கும் வேலையைத் தலைமுறையாகச் செய்து வருகிறோம். மேலே ஐயா சொன்ன கணக்கு சரியானது. பருப்பைப் பற்றி நான் சில விவரங்களைச் சேர்க்கிறேன்.

பருப்பு என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். முழுப்பருப்பு, இரண்டாகப் பிளந்த பாதி, துண்டு என்று தரம் பிரித்துத்தான் விற்பார்கள். விலையும் அதற்கேற்ப இறங்கும். முழுப்பருப்பிலும் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று வகைகள் உண்டு. ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதையே அந்த எண் குறிக்கிறது. எண் கூடக் கூடப் பருப்பு சிறியது, விலையும் குறைவு. உங்கள் தெருவில் இருப்பவர்கள் பாயசத்திற்கும் பொங்கலுக்கும் கேசரிக்கும்தான் வாங்கப் போகிறார்கள். நெய்யில் வறுத்துப் போடுவதற்குப் பாதியும் துண்டும் தாராளமாகப் போதும். எனவே தொடக்கத்தில் பாதிப் பருப்பை அதிகமாகவும், பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்காக முழுப்பருப்பைக் கொஞ்சமாகவும் வாங்குங்கள். ஐயா போட்ட கணக்கில் 4,800 ரூபாய்க்கு வரும் எடையும் இதனால் கூடும்.

வாங்கும்போது ஒரு பருப்பை ஒடித்துப் பாருங்கள். நல்ல பருப்பு மொறுமொறுவென்று ஒடியும். ஈரம் ஏறியது வளைந்து கொடுக்கும். முகர்ந்தால் எண்ணெய்க் காறல் வாடை சிறிதும் இருக்கக் கூடாது. எங்கள் ஊரைவிடக் கடலூரில் கடற்காற்றின் ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சொல்லவே வேண்டாம். சாக்கிலோ மெல்லிய பையிலோ வைத்தால் சில நாளிலேயே பருப்பு நமத்துப் போகும். மூடி இறுகப் பொருந்தும் எவர்சில்வர் சம்படத்தில் வைத்து, தேவைக்கு மட்டும் எடுத்துப் பொட்டலம் போடுங்கள். இதனால்தான் மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கிக் குவிப்பது உங்களுக்குப் பொருந்தாது. பண்ருட்டி உங்களுக்கு 25 கிலோமீட்டர் அளவில்தானே இருக்கிறது. வாரம் ஒரு முறை வந்து போகலாம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பொட்டலத்தில் பண்ருட்டி முந்திரி என்று எழுதும் முன், எங்கே விளைந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் எங்கள் பகுதி முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. அதற்கு முன்பிருந்தே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை இறக்குமதியாகி இங்கே உடைபட்டு வருகிறது. அதில் தரக்குறைவு எதுவும் இல்லை, ஆனால் இங்கே விளைந்தது வேறு, இங்கே உடைத்தது வேறு. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பவரிடம்தான் மறுபடியும் வருவார்கள்.

திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் முகூர்த்த நாளில் எத்தனை திருமணங்கள் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். சமையல் மாஸ்டர் ஒருவர் பழக்கமானால் ஒரே நாளில் பல கிலோ போகும். ஆனால் பணம் திருமணம் முடிந்த பிறகுதான் என்பார்கள். பாதிப் பணமாவது முன்கூட்டித் தந்தால் மட்டுமே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

புதுவைக் கணக்கர்

சகோதரி, கொழுந்தனாருக்கு அனுப்பும் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்வேன். கடலூரும் புதுச்சேரியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அன்றாடம் போய்வருகிறோம். ஆனால் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் அது வேறு ஆட்சிப்பகுதி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அந்தச் சலுகை மாநிலத்திற்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே. வரிக்கு உட்பட்ட பொருளை எல்லை தாண்டி விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. முந்திரிப் பருப்பு 5 சதவீத வரிக்கு உட்பட்டது. பதிவு செய்துவிட்டால், விற்பனை இல்லாத காலத்திலும் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். 8,000 ரூபாய் முதலுக்கு அந்தச் சுமை தகாது.

இதற்கு நேர்மையான மாற்று வழி உண்டு. கொழுந்தனார் தாமே பண்ருட்டிக்கு வந்து தம் பணத்தில் வாங்கி, புதுச்சேரியில் தம் பெயரில் விற்கட்டும். அங்கே வரம்பு 20 லட்சம் ரூபாய். அவருடைய விற்பனை அதைத் தொடப் போவதில்லை. நீங்கள் பதிவு பெறாதவர் என்பதால், வாங்கும்போது கட்டும் 5 சதவீத வரி உங்களுக்குத் திரும்ப வராது. அதையும் கொள்முதல் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவு. வீட்டிலிருந்து விற்றாலும் இது வேண்டும். சிறு விற்பனையாளருக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாங்குபவர் கண்முன்னே நிறுத்துக் கொடுத்தால் பொட்டலத்தில் எதுவும் அச்சிட வேண்டியதில்லை. முன்கூட்டியே பொட்டலம் போட்டு வைத்தால், பொருளின் பெயர், உங்கள் முகவரி, நிகர எடை, பொட்டலமிட்ட தேதி, அதிகபட்ச சில்லறை விலை, பதிவு எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி போன்றவற்றைச் சீட்டில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முற்றிலும் இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பணம் கேட்கும், ஏமாற வேண்டாம்.

கடன் தேவை என்றால் அதற்கும் நேரான வழிகள் இருக்கின்றன. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையம் இல்லாமல் வங்கிகள் கொடுக்கலாம். தெருவோரத்தில் விற்பவராக மாநகராட்சியின் சான்றோ பரிந்துரைக் கடிதமோ பெற்றால் பிரதமர் ஸ்வநிதி கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 2020-இல் அது தொடங்கியபோது முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் 15,000 ஆக உயர்த்தினார்கள். மகளிர் சுயஉதவிக்குழுவில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். ஆனால் இவற்றில் எதையும் முதல் மூன்று மாதத்திற்குள் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதுவரை அன்றாடக் கொள்முதலையும் விற்பனையையும் ஒரு நோட்டில் எழுதி, யுபிஐ வழியாக வரும் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வாங்குங்கள். வங்கி மேலாளர் முன் உட்காரும்போது அந்த நோட்டும் வங்கி வரவும்தான் உங்களுக்காகப் பேசும்.

பாடலி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொழுந்தனாரிடமும் விவரம் சொன்னேன், அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. முந்திரியோடு கருவாட்டையும் சேர்த்து வைத்தால் வருபவர்கள் கூடுவார்களா? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. என்னிடம் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று கேட்டால் முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?

முதுநகர் மளிகை

கருவாட்டில் நல்ல வருமானம் உண்டு, அம்மா. ஆனால் ஒரே அறையில் இரண்டையும் வைக்கவே முடியாது. முந்திரிப் பருப்பு பக்கத்தில் உள்ள வாடையை எளிதில் இழுத்துக்கொள்ளும். கருவாட்டு மணம் ஏறிய பருப்பைப் பாயசத்திற்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் பற்றிய உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. முன்பு போட்ட கணக்கிலேயே பாருங்கள்: ஒரு கிலோவுக்கு 100 ரூபாய்தான் நிற்கிறது என்றால், கடனாகப் போன ஒரே ஒரு கிலோவின் 800 ரூபாய் வராமல் போகும்போது, அதை ஈடுகட்ட இன்னும் எட்டுக் கிலோ விற்றாக வேண்டும். ஆனால் இதை உறவுக்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கடன் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். அந்த நேரத்தில் அவர்கள் கையில் 100 கிராம் பொட்டலத்துக்கான பணம் இருக்காது, 50 ரூபாய் இருக்கும். அவர்களுக்காக 100 கிராமோடு 50 கிராம் பொட்டலத்தையும் போட்டு வையுங்கள். கிலோ 800 ரூபாய் என்றால் 50 கிராமின் அடக்கம் 40 ரூபாய். அதை 50 ரூபாய்க்குத் தரலாம். ஒரு கிலோவை இருபது பொட்டலமாக்கினால் 1,000 ரூபாய் வரும், பைக்கும் சீட்டுக்கும் 30 ரூபாய் போனாலும் 170 ரூபாய் நிற்கும். துண்டுப் பருப்பில் இன்னும் சிறியதாக 20 ரூபாய்ப் பொட்டலமும் போடலாம். சம்பளத்துக்கு அப்புறம் தருகிறேன் என்பவரிடம், இப்போதைக்கு இதை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வந்ததும் பெரியதை வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சிறு பொட்டலத்தை நீட்டுங்கள்.