விமானத்தில் வைஃபை வாங்கியும் பாப்பாவுக்கு ஒரு பாட்டுகூட ஓடவில்லை, யாராவது சொல்லுங்களேன்

கோத்தகிரி அம்மா:
இரண்டரை வயதுப் பையனோடு தனியாக லண்டனில் இருந்து பெங்களூர் வந்து, அங்கிருந்து டாக்சியில் கோத்தகிரி அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வியாழன் திரும்ப வேண்டும், நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. விமானத்தில் வைஃபை உண்டு என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்ததால் பாட்டு, வீடியோ எதையும் இறக்கி (டவுன்லோட் செய்து) வைக்காமல் டேப்லெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினேன், என் முட்டாள்தனம்தான். போனில் கனெக்டட் என்று காட்டியது, ஆனால் லாகின் பக்கம் வரவில்லை, வெறும் வெள்ளைத் திரை. எதையெதையோ அமுக்கியதில் பக்கம் வந்தது, கார்டு எண் போட்டால் ஓடிபி கேட்கிறது. 35,000 அடி உயரத்தில் எஸ்எம்எஸ் எங்கிருந்து வரும்? வேறொரு கார்டில் இருப்பதிலேயே மலிவான பிளானை எடுத்தேன். வாட்ஸ்அப் மெசேஜ் போனது, யூடியூப் சுற்றிக்கொண்டே இருந்தது. டேப்லெட்டில் போட்டால் மறுபடி காசு கேட்டது. இறங்கும் நேரத்தில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் அழுத அழுகையில் முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய பிளான் வாங்கினால் சரியாகுமா?

குன்னூர்க்காரன்:
நெட்வொர்க் வேலைதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன் அக்கா. வெள்ளைத் திரைக்குப் பெரும்பாலும் விபிஎன் (இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) அல்லது ஆண்ட்ராய்டில் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் (தளங்களின் முகவரி தேடுவதை மறைத்து அனுப்பும் செட்டிங்) காரணம். போன் முதலில் தேடும் முகவரியை விமானத்துக் கருவி வழிமறித்துத் தன் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், இவை இரண்டும் அதற்கு இடம் கொடுக்காது. அணைத்துவிட்டு, ஃபிளைட் மோடு போட்டு, அப்புறம் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். ஐபோன் என்றால் கிட்டத்தட்ட விபிஎன் மாதிரியே இருக்கும் பிரைவேட் ரிலேயையும் அணைக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல்.காம் என்று அடித்துப் பாருங்கள், பூட்டுப் போடாத பக்கம் என்பதால் லாகின் தானாக எட்டிப் பார்க்கும்.

மலிவான பிளான் பல விமானங்களில் எழுத்து மெசேஜுக்கு மட்டும்தான், படம்கூடப் போகாது. ஒரு நேரத்தில் ஒரு கருவிதான், போனில் லாக்அவுட் செய்த பிறகுதான் டேப்லெட்டில் நுழைய விடும். ஓடிபி தொல்லைக்கு நல்ல வழி, தரையில் இருக்கும்போதே விமான நிறுவனத் தளத்தில் பிளானை வாங்கிவிடுவது. சில நிறுவனங்களில் இலவச உறுப்பினர் ஆனாலே மெசேஜுக்குக் காசில்லை, அதையும் பாருங்கள்.

பெரிய பிளானை நான் நம்பமாட்டேன். விமானத்துக்கு இணையம் தரும் பழைய வகை செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒன்றைக் கேட்டுப் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், கிடைக்கும் கொஞ்ச வேகத்தை விமானம் முழுக்கப் பங்குபோடுவதுதான். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் புது வகை இருந்தால் வீடியோ ஓடும், ஆனால் உங்களுக்கு வரும் விமானத்தில் அது இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அருவங்காடு சித்தி:
தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் கடைசி அழுகைக்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லைம்மா. அது காது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது நமக்கே அடைக்குமே, அதேதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி, அதாவது ஏறக்குறைய கோத்தகிரி, ஊட்டி அளவுக்கு வைத்திருப்பார்கள். நீ திரும்பிப் போகும் லண்டன் கடல்மட்டம் மாதிரிதான், அரைமணி நேரத்தில் அவ்வளவும் இறங்க வேண்டும். இறங்கும் நேரத்தில் காதின் மேல் ஹெட்போனை அமுக்கினால் குழந்தை பிடுங்காமல் என்ன செய்யும்? இறங்கத் தொடங்கும்போதே எழுப்பி சிப்பர் கப்பில் தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, விழுங்க விழுங்கக் காது திறக்கும். சளி இருந்தால் முன்னாடியே டாக்டரிடம் காட்டிவிடு.

பாட்டை எல்லாம் வீட்டிலேயே இறக்கி வை. பவர்பேங்கைக் கைப்பையில் வை, பெட்டியில் போடக்கூடாது. இப்போது சில விமானங்களில் அதில் சார்ஜ் போடவும் விடுவதில்லை, அதனால் டேப்லெட்டை முழுசாக ஏற்றிக்கொண்டு ஏறு.

கோத்தகிரி அம்மா:
காது என்று எனக்குத் தோன்றவே இல்லை சித்தி! வரும்போது அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

நேற்று ராத்திரி பத்து வீடியோ இறக்கினேன். காலையில் ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, டேப்லெட்டை அவன் கையில் கொடுத்தேன். ஏழு ஓடியது. இரண்டில் பாதிதான் இறங்கியிருக்கிறது. இன்னொன்று, அவன் உயிரை விடுகிற அந்த யானைப் பாட்டு, இணையத்தில் இணையுங்கள் என்று சொல்லி நின்றுவிட்டது. இது மேலே போய்த் தெரிந்திருந்தால் என் கதி?

குன்னூர்க்காரன்:
அந்த ஆப்பை ஆன்லைனில் ஒருமுறை திறந்து லாகின் புதுப்பியுங்கள். இறக்கிய வீடியோவுக்கு இத்தனை நாள்தான் என்று கணக்கு உண்டு, அது முடிந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும். கிளம்பும் நாள் காலையில் இன்னொரு முறை ஃபிளைட் மோடில் ஓட்டிப் பாருங்கள்.

கோத்தகிரி அம்மா:
சரி தம்பி. காலையில் இருந்து மழை, மரம் விழுந்து எங்கள் பக்கம் கேபிள் அறுந்து கிடக்கிறது. இங்கே பக்கத்தில் டானிங்டனில் அண்ணன் வீட்டில் நெட் வருகிறதாம், ராத்திரி அங்கே போய் யானையை இறக்கிக்கொள்கிறேன். பெங்களூர் போகும் வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் புதன் மதியமே கிளம்புகிறோம், டாக்சியில் டேப்லெட்டை அவன் கண்ணில் காட்டப்போவதில்லை.