40 ஜிபி காலி இருந்தும் 11 ஜிபி கல்யாண வீடியோ பென் டிரைவில் ஏற மாட்டேன் என்கிறது

காவிரிக்கரை:
வணக்கம். தங்கை கல்யாணம் தை மாதம் முடிந்தது, வீடியோக்காரர் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். பாட்டியால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, அவருக்காக முக்கியமானதை மட்டும் பென் டிரைவில் ஏற்றி ஊரில் இருக்கும் டிவியில் போட்டுக் காட்டலாம் என்று 64 ஜிபியில் ஒன்று வாங்கினேன். போட்டோ 2,000க்கு மேல் இருக்கும், எல்லாம் ஏறிவிட்டது. நலங்கு வீடியோ 3.2 ஜிபி, அதுவும் ஏறிவிட்டது. முகூர்த்தம் மட்டும், 11.3 ஜிபி, ஒரே பைல், காப்பி போட்ட அடுத்த நொடியே 'ஃபைல் இஸ் டூ லார்ஜ் ஃபார் த டெஸ்டினேஷன் ஃபைல் சிஸ்டம்' என்று நின்றுவிடுகிறது. காலி இடம் 40 ஜிபி காட்டுகிறது! கடைக்காரர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று வேறு மாற்றிக் கொடுத்தார், அதிலும் இதே கதை. வீடியோவில்தான் ஏதாவது கோளாறா? லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது.

பழைய மானிட்டர்:
வீடியோவும் சரி, பென் டிரைவும் சரி. இடம் இல்லை என்று அது சொல்லவில்லை, பைல் பெரிது என்றுதான் சொல்கிறது, இரண்டும் வேறு. மை கம்ப்யூட்டரில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், ஃபைல் சிஸ்டம் (டிரைவ் தன் பைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை) என்ற இடத்தில் ஃபேட்32 என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

ஃபேட்32 என்பது 1996 வாக்கில், விண்டோஸ் 95 காலத்தில் வந்தது. ஒவ்வொரு பைலுக்கும் பெயர், தேதி, அளவு எல்லாம் ஒரு பட்டியலில் எழுதி வைக்கும், அதில் அளவை எழுத ஒதுக்கிய இடம் 4 பைட்தான். 4 பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999க்கு மேல் காட்டாது இல்லையா, அதுபோலத்தான்: வண்டி ஓடும், எழுதத்தான் கட்டம் கிடையாது. அதனால் 40 என்ன, 400 ஜிபி காலியாக இருந்தாலும் உங்கள் 11.3 ஏறாது.

வழி சுலபம். உள்ளே இருக்கும் போட்டோக்களை முதலில் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் (பார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும், பிறகு வந்து அழக்கூடாது), அப்புறம் ரைட் கிளிக், பார்மேட், ஃபைல் சிஸ்டத்தில் எக்ஸ்ஃபேட். 2006ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்தது, அளவை எழுத அதில் 8 பைட் உண்டு, நம் ஆயுசுக்குப் போதும்.

கடைக்காரர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. டூப்ளிகேட் டிரைவ் இப்படியெல்லாம் சண்டை போடாது. சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போதுதான் கையை விரிக்கும்.

காவிரிக்கரை:
பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள், ஃபேட்32தான். எக்ஸ்ஃபேட் போட்டு எல்லாம் ஏற்றிவிட்டேன், லேப்டாப்பில் ஓடியது. ஆனால் ஊருக்கு எடுத்துப் போய்ச் சொருகினால் டிவி கண்டுகொள்ளவே இல்லை. யுஎஸ்பி சாதனம் எதுவும் இல்லை என்கிறது. 2014ல் வாங்கிய டிவி. பாட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இப்போது என்ன செய்வது?

முகூர்த்த கேமரா:
நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன், இந்தக் கேள்வி மாதம் இரண்டு முறையாவது எனக்கு வரும். அந்தக் காலத்து டிவிகள் நிறைய எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அதைச் சேர்க்க மைக்ரோசாப்டிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது, 2019ல்தான் அதன் விவரக்குறிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். டிவிக்காரர்கள் அந்தச் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள் என்பது என் கணக்கு. ஆனால் அதே டிவிகளில் பலவும் என்டிஎஃப்எஸ் படிக்கும், அது விண்டோஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டம். அதனால் முதலில் என்டிஎஃப்எஸ் பார்மேட் செய்து பாருங்கள், பெரிய பைல் அதிலும் தாராளமாக ஏறும்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஃபேட்32க்கே திரும்பி, வீடியோவைத் துண்டு போடுங்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பைல்களைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளை வைத்துத் துண்டு போட்டால் அந்தத் துண்டுகள் டிவியில் ஓடாது, மறுபடி கம்ப்யூட்டரில் ஒட்டினால்தான் வீடியோ. எம்கேவி டூல்நிக்ஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் இத்தனை எம்பிக்கு ஒரு துண்டு என்று கொடுக்கலாம், 3,900 எம்பி கொடுத்தால் உங்களுக்கு மூன்று துண்டு வரும், ஒவ்வொன்றும் தனியாக ஓடும், தரமும் குறையாது.

அதற்கு முன் வீடியோ 4கே-யா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4கே என்றால் 2014 டிவி பைலைப் படித்தாலும் படம் காட்டாமல் போக வாய்ப்பு அதிகம், அதற்கு ஃபைல் சிஸ்டத்தைத் திட்டிப் பயனில்லை. அப்போது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு ஃபுல் எச்டியாக, எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் மாற்றிவிடுங்கள். 2 மணி நேர வீடியோ, ஒலியும் சேர்த்து நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் 3.6 ஜிபிதான் வரும், ஃபேட்32லேயே அடங்கிவிடும். பாட்டி பார்க்க அது போதும்.

எங்கள் கேமராக்களிலும் இந்த 4 ஜிபி தொல்லை உண்டு. 32 ஜிபி வரையிலான கார்டு ஃபேட்32ல் இருக்கும், அதனால் 4 ஜிபி ஆனதும் கேமராவே அந்தப் பைலை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் அப்படி வந்த நான்கு பைலில் மூன்றாவதைக் காப்பி எடுக்காமல் கார்டை அழித்துவிட்டேன். மூன்றாவதில் இருந்தது தாலி கட்டு. இரண்டாவது பைல் கெட்டிமேளம் தொடங்கும்போது முடிகிறது, நான்காவதில் எல்லோரும் அட்சதை போட்டு முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா செல்போனில் எடுத்து வைத்திருந்தார், அதை நடுவில் ஒட்டித்தான் தப்பித்தேன். இப்போது 64, 128 ஜிபி கார்டு, எக்ஸ்ஃபேட், ஆனாலும் பைலை எண்ணிப் பார்க்காமல் கார்டில் கை வைப்பதில்லை.

சும்மா பார்க்க வந்தவன்:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னிடம் 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க், அது ஃபேட்32ல் இருக்கிறது, உள்ளே 700 ஜிபி. அதை வேறெங்கும் எடுத்து வைக்க எனக்கு இடம் இல்லை. அழிக்காமல் மாற்ற வழி உண்டா?

பழைய மானிட்டர்:
எக்ஸ்ஃபேட்டுக்கு இல்லை, என்டிஎஃப்எஸ்ஸுக்கு உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, கன்வர்ட் என்று அடித்து, இடம் விட்டு டிரைவ் எழுத்தும் கோலனும், மறுபடி இடம் விட்டு ஸ்லாஷ் எஃப்எஸ் கோலன் என்டிஎஃப்எஸ். பைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் இது ஒருவழிப் பாதை, திரும்ப ஃபேட்32க்கு வர பார்மேட்தான். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் லேப்டாப்பில் சார்ஜ் முழுசாக வைத்துக்கொண்டு, இழக்கவே முடியாத பைல்களை மட்டுமாவது யாரிடமாவது டிஸ்க் கடன் வாங்கி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தெற்குவாசல்:
வீட்டில் மேக் இருந்தால் யோசியுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும், எழுதாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் புழங்க வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்தான் வசதி. லினக்ஸிலும் அதன் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பிலிருந்து அது உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது, அதாவது என்ன எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் பழக்கம் அதற்கு இல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் போல்டரே காணாமல் போகலாம். எனக்குப் போயிருக்கிறது. எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுங்கள். சின்னச் சின்னப் பைல் லட்சக்கணக்கில் இருந்தால் எக்ஸ்ஃபேட்டில் இடமும் வீணாகும், பெரிய டிஸ்கில் விண்டோஸ் வழக்கமாக 128 கேபி கட்டம் போடுகிறது, 2 கேபி பைலும் ஒரு கட்டத்தை முழுசாகப் பிடித்துக்கொள்ளும்.

காவிரிக்கரை:
என்டிஎஃப்எஸ் போட்டேன், டிவி எடுத்துக்கொண்டது! வீடியோ ஃபுல் எச்டிதான், அதனால் துண்டு போடும் வேலையும் இல்லை. பாட்டி முழுசாகப் பார்த்தார், ஊஞ்சல் பாட்டு வந்த இடத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னார். முடிந்ததும் மாமா டிவியை நிறுத்தாமலேயே பென் டிரைவை உருவிவிட்டார், எனக்குத் தெற்குவாசல் சொன்னது ஞாபகம் வந்து பகீரென்றது. லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன், எல்லாம் இருக்கிறது.

தெற்குவாசல்:
டிவி படிக்கத்தானே செய்தது, எழுதவில்லையே. மாமா தப்பித்தார்.