ஸ்கூபா ஹார்னஸின் மிச்சப் பட்டையை எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி (குளுவாங்)

அனைவருக்கும் வணக்கம். குளுவாங்கில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். விடுமுறை கிடைக்கும்போது மெர்சிங் படகுத்துறை வழியாகத் தியோமான் தீவுக்குச் சென்று முக்குளிப்பது வழக்கம். அண்மையில் எஃகு முதுகுத் தகடும் ஒரே நீளப் பட்டையும் கொண்ட, காற்று சிலிண்டரை முதுகில் சுமக்க உதவும் ஹார்னஸ் ஒன்றை, முன்பு பயன்படுத்தியவரிடமிருந்து வாங்கினேன். அவர் ஆறடி உயரம்; நான் ஐந்தடி இரண்டு அங்குலம். தோள் பட்டைகளை முடிந்தவரை இறுக்கிவிட்டேன். ஆனாலும் நீருக்குள் சிலிண்டர் ஒரு பக்கமாகச் சரிகிறது, கை வால்வை எட்டுவதில்லை, படகில் ஏறிய பின் பிறர் உதவியின்றிக் கழற்றவும் முடிவதில்லை. இடுப்பில் பக்கிளைப் பூட்டிய பிறகு 48 செ.மீ. பட்டை தொங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை செல்ல எண்ணியிருப்பதால், இதை இப்போதே வெட்டிவிடலாமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (கஹாங்)

சகோதரி, கத்தரிக்கோலைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் சிக்கல் பட்டையின் மிச்சத்தில் இல்லை, இறுக்கிய இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் தந்தை செம்பனைத் தோட்டத்தில் மருந்து பம்பைச் சுமந்து வேலை செய்தவர். தோளில் பட்டை இறுகியிருந்தால்தான் பம்பு ஆடாது என்பார். தரையில் அது சரியே. நானும் அதே பழக்கத்தில் ஹார்னஸின் தோளை இறுக்கித்தான் முதல் ஓராண்டைக் கழித்தேன். நீருக்குள் சிலிண்டரின் சுமை தோளில் இறங்குவதில்லை. நம் தீவுகளில் பரவலாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது மெல்ல மூழ்கும். காற்றுத் தீரும் வேளையிலோ ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிலோ வரை மேலே மிதக்க முனையும். அதை முதுகோடு நிறுத்துவது இடுப்புப் பட்டையும், கால்களுக்கு இடையே செல்லும் கவட்டுப் பட்டையுமே. தோள் இறுகியிருந்தால் கை பின்புறம் வளையாது, அதனால்தான் வால்வு எட்டவில்லை. இடுப்பு தளர்ந்திருந்தால் சிலிண்டர் பக்கவாட்டில் சரியும்.

எனவே நீங்கள் வழக்கமாக அணியும் வெட்சூட்டோடு (உடலோடு ஒட்டிய ரப்பர் முக்குளிப்பு உடை), வீட்டிலேயே தகட்டை மட்டும் மாட்டிப் பாருங்கள். தலையைக் குனியும்போது பிடரியில் துருத்தும் எலும்பின் அளவில் தகட்டின் மேல் விளிம்பு நிற்க வேண்டும். தோள் பட்டைக்கும் உடலுக்கும் இடையே உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும், ஒரு கையைத் தனியாக வெளியே உருவவும் இயல வேண்டும். அந்தந்தப் பக்கத்துக் கட்டைவிரலை தோள் பட்டையிலுள்ள அந்தந்த டி-வளையத்தில் (D வடிவ உலோக வளையம்) மாட்ட முடிகிறதா என்பதையும் பாருங்கள். கவட்டுப் பட்டை நிமிர்ந்து நிற்கையில் உடலைத் தொட்டால் போதும்; அது இடுப்புப் பட்டையைக் கீழே இழுக்கக் கூடாது.

இன்னொன்று: தோளும் இடுப்பும் ஒரே பட்டை என்பதால், தோளுக்குத் தளர்த்தும் ஒவ்வொரு அங்குலமும் இடுப்பிலிருந்துதான் வருகிறது. இதற்காகத்தான் வெட்டுவதைக் கடைசி வேலையாக வைக்கச் சொல்கிறேன்.

மறுமொழி 2 (மெர்சிங்)

மேலே சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். வெட்டும் முறையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

நைலான் பட்டை நீரில் ஊறினால் சற்று நீளும், வழுக்கவும் செய்யும். ஆகவே ஊறிய பட்டையை வைத்து இறுதி அளவைக் குறியுங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல 3 மடங்கு என்பதால் வெட்சூட் மெலிந்து இடுப்புப் பட்டை தளரும். அப்போது பிடித்து இழுக்கக் கைக்குக் குறைந்தது 15 செ.மீ. மிஞ்ச வேண்டும். வெள்ளைப் பேனாவால் கோடிட்டு, இரண்டு முறையாவது முக்குளித்துவிட்டு வெட்டுங்கள். பக்கிளில் எளிதாக நுழைய முனையைச் சாய்வாக வெட்டி, திறந்த வெளியில் லைட்டர் சுடரை அருகில் காட்டி இழைகளை உருக்குங்கள். உருகிய நைலான் தோலில் ஒட்டிச் சுட்டுவிடும், விரலால் அழுத்தவே கூடாது. கருகும்வரை காட்டினால் முனையில் கட்டி உறைந்து, பக்கிளில் சிக்கும், கையையும் கீறும்.

கேட்டவர் (குளுவாங்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீச்சல் குளத்தில் இரண்டு மாலைகள் முயன்றேன். தோளை ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. தளர்த்தி, இடுப்பை 4 செ.மீ. இறுக்கினேன். வால்வு எட்டுகிறது, சிலிண்டரும் சரியவில்லை. தொங்கும் பட்டை இப்போது 42 செ.மீ. ஆகியிருக்கிறது. அன்றே 10 செ.மீ. மட்டும் விட்டு வெட்டியிருந்தால் இன்று கையில் 4 செ.மீ.தான் மிஞ்சியிருக்கும். தியோமானில் இரண்டு முறை முக்குளித்த பிறகு, 18 செ.மீ. விட்டு மீதியை வெட்டலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி 3 (கஹாங்)

நல்ல முடிவு. வெட்டும்போது தொங்கும் முனையில் மட்டும் வெட்டுங்கள்; பக்கிள் கோத்த முனையைத் தொட வேண்டாம். பக்கிள் நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி அமர்ந்தால்தான் கவட்டுப் பட்டையின் வளையம் நடுவில் நிற்கும், அது பக்கிளின் மேல் ஏறித் தவறுதலாகத் திறக்கவும் வாய்ப்பில்லை. படகில் ஏறுவதற்கு முன் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.