புதுப்பிப்பு: வேலியில்லாத சாலையோரப் பள்ளம், ரிட் போகாமல் என்ன செய்யலாம்?

பெங்களூரு அல்சூர் பக்கம் தோண்டிப் போட்ட பள்ளங்களைப் பற்றிய முந்தைய பதிவில், ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) பதிலை வைத்து ஹைகோர்ட்டில் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் (அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போடலாம் என்று எழுதியிருந்தேன். அவ்வளவு செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 152-வது பிரிவு, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 133. சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். பொது இடத்தை ஒட்டிய பள்ளத்துக்கு வேலி போடச் சொல்லும் அதிகாரம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பணமில்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது. 1980-ல் ரத்லாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. விசாரணைக்கு 90 நாள் கெடு, மாஜிஸ்திரேட் காரணம் எழுதினால் 120.

மனு சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எதிர்தரப்பு “இது பொதுப்பாதையே இல்லை” என்று சொல்லி அதற்கு நம்பத்தகுந்த ஆதாரமும் காட்டினால், சிவில் கோர்ட் முடிவு செய்யும்வரை விசாரணை நின்றுவிடும். அதனால் சர்வே வரைபட நகலை மனுவோடு முதலிலேயே இணையுங்கள். போட்டோவில் டேப் பிடித்த ஆழமும் பக்கத்துக் கடையின் போர்டும் தெரியட்டும். மொபைலில் உள்ள அசல் ஃபைலை அழிக்காதீர்கள்: சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ன் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் எண்) கேட்பார்கள்.

இரண்டாவது வழி, சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) 91. பொதுத் தொல்லைக்கு எதிராக இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட் அனுமதியோடு வழக்குப் போடலாம். தனிப்பட்ட நஷ்டம் காட்ட வேண்டியதில்லை. அரசு எதிர்தரப்பானால் அதே சட்டத்தின் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் முக்கியம். அவசரமென்றால் 80(2)-ல் விலக்கு கேளுங்கள்.