ஹோம் அசிஸ்டென்ட்ல இருந்து டெல்டா பிஎல்சிக்கு மாட்பஸ்ல எழுத முடியல, எக்ஸப்ஷன் 2 வருது

வளவுவீட்டுப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான்ல எங்க ஆயா வீடு, இப்ப ரெண்டாங்கட்டு ரூமுங்கள மட்டும் டூரிஸ்ட்டுக்கு விடுறோம். பின்னாடி டெல்டா டிவிபி 12எஸ்இ பிஎல்சி (மோட்டார், ஃபேன் மாதிரி மெஷின ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர்) வச்ச பேனல் ஒன்னு இருக்கு, போர் மோட்டாரும் அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனும் அதுலதான் ஓடுது. மேல்தொட்டில ஈஎஸ்பி32ன்னு ஒரு வைஃபை போர்டு போட்டு தண்ணி மட்டம் எடுக்குறேன், அடுப்படில பேட்டரி போட்ட ஜிக்பீ (வயர்லெஸ்) டெம்பரேச்சர் சென்சார், ரெண்டுமே ஹோம் அசிஸ்டென்ட்ல (ஸ்மார்ட் ஹோம் சாஃப்ட்வேர்) ஒழுங்கா வருது. மாட்பஸ் (மெஷினுங்க ஒன்னுக்கொன்னு பேசிக்கிற முறை) வழியா தண்ணி மட்டத்த பிஎல்சில டி100லயும் டெம்பரேச்சர டி101லயும் எழுதணும், ரெண்டும் நம்பர் வைக்கிற ரெஜிஸ்டர், ஆனா ஹோம் அசிஸ்டென்ட்டோட ரைட் ரெஜிஸ்டர்ல அட்ரஸ் 100ன்னு குடுத்தா எக்ஸப்ஷன் கோட் 2ன்னு திரும்பி வருது, ஐபி, போர்ட் 502 எல்லாம் சரியாத்தான் இருக்கு, ரெண்டு நாளா மண்டை காயுது. வயர் இழுக்கச் சொல்லாதீங்க, முட்டைச்சாந்து பூசின சுவரு, ஒரு ஆணி அடிக்கக்கூட ஆயா விடமாட்டாக.

பேனல்போர்டு:
கோட் 2ன்னா "நீ கேக்குற அட்ரஸ் எங்கிட்ட இல்ல"ன்னு பிஎல்சியே பதில் சொல்லுது, அதனால நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. டிவிபில டி0வோட அட்ரஸ் ஹெக்ஸ்ல 1000, சாதா எண்ல 4096. அப்ப டி100க்கு 4196, டி101க்கு 4197 குடுங்க. எங்கயாவது 44097ன்னு பாத்தா குழம்பாதீங்க, அதுவும் டி0தான், முன்னாடி இருக்குற 4 ஹோல்டிங் ரெஜிஸ்டர்ங்கிறதுக்கு, மிச்சம் 1ல இருந்து எண்ணுறது. அப்புறம் ரெஜிஸ்டர்ல 16 பிட் முழு எண்தான் போகும், 31.4 டிகிரின்னா பத்தால பெருக்கி 314ன்னு அனுப்பிட்டு லேடர்ல (பிஎல்சி ப்ரோக்ராம்) 314ன்னே வச்சு கம்பேர் பண்ணிக்கங்க. ஃப்ளோட் (புள்ளி வச்ச எண்) பக்கமே போகாதீங்க, ரெண்டு ரெஜிஸ்டர் ஆகும், எது முன்னாடி எது பின்னாடின்னு வேற தனி சண்டை.

வளவுவீட்டுப்பையன்:
4196 போட்டேன், ஒரே அடில ஏறிருச்சுண்ணே!! சென்சர்னு ஒன்னுமே போடாம வெறும் ஹப் (பிஎல்சியோட ஐபி, போர்ட் விவரம்) மட்டும் எழுதினா மாட்பஸ் லோடே ஆகலன்னு சும்மா ஒரு டம்மி சென்சர் போட்டிருந்தேன், இப்ப அதையே 4196 படிக்கிற மாதிரி மாத்திட்டேன், எழுதினது போச்சான்னு திரும்ப அதுலயே பாத்துக்கிறேன்.

ரைஸ்மில்எலக்ட்ரீசியன்:
தம்பி, நம்பர் ஏறிருச்சுன்னு உடனே மோட்டார விட்டுராதீங்க. தொட்டில 40 செமீன்னு டி100ல கிடக்கு, அப்ப உங்க ஹோம் அசிஸ்டென்ட் ஹேங் ஆச்சுன்னா பிஎல்சிக்கு எப்புடித் தெரியும்? அதுக்கு 40 இன்னும் 40தான், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், தண்ணி நிறைஞ்சு வழிஞ்சு வளவுக்குள்ள இறங்கிரும். தேவகோட்டைல ஒரு வீட்டுல இப்படியே ஆயி ஆத்தங்குடி கல்லு மேல முழங்கால் தண்ணி நின்னத நானே பாத்தேன். டி102ன்னு ஒன்ன ஒதுக்கி பத்து செகண்டுக்கு ஒருக்கா ஒன்னு கூட்டி எழுதுங்க, 999 ஆனதும் திரும்ப 0. பிஎல்சில ஒரு டைமர், ஒரு நிமிஷம் அந்த நம்பர் நகரலன்னா மோட்டார் ஆஃப். எத்தனை நம்பர் அனுப்பினாலும் தொட்டில ஒரு ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணில மிதக்குற சுவிட்ச்) நேரா பிஎல்சி இன்புட்டுக்கு வயர்ல வரணும், இதுல ஆயாகிட்ட நான் வேணா வந்து பேசுறேன், தொட்டி பைப்போடயே கட்டி இறக்கிட்டா சுவத்தத் தொட வேண்டாம்.

பேனல்போர்டு:
அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு, ஆனா டெம்பரேச்சருக்கு அது போதாது. ஜிக்பீ2எம்க்யூடிடில (ஜிக்பீ சென்சர ஹோம் அசிஸ்டென்ட்டோட இணைக்கிற சாஃப்ட்வேர்) சென்சர் உயிரோட இருக்கான்னு பாக்குற அவைலபிலிட்டிய ஆன் பண்ணலன்னா சென்சர் பேட்டரி செத்தாலும் கடைசி டெம்பரேச்சரே காட்டிக்கிட்டு இருக்கும், ஆன் பண்ணினாலும் பேட்டரி சென்சருக்கு டீஃபால்ட் 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம் கழிச்சுத்தான் ஆஃப்லைன்னு சொல்லும். அத ஒரு 90 நிமிஷமா குறைங்க. அன்அவைலபிள் வந்தா 9999ன்னு எழுதுங்க, பிஎல்சில டி101 9999ன்னா ஃபேன் ஓடட்டும், டி100 9999ன்னா மோட்டார் நிக்கட்டும். 502 போர்ட்ட மட்டும் ரவுட்டர்ல வெளிய திறந்துராதீங்க, மாட்பஸ் 1979ல வந்தது, பாஸ்வேர்டுன்னு அதுல ஒன்னும் கிடையாது.

வளவுவீட்டுப்பையன்:
டி102 ஓடுது, வைஃபைய புடுங்கிப் பாத்தேன், கரெக்டா ஒரு நிமிஷத்துல மோட்டார் நின்னுருச்சு. ஃப்ளோட் சுவிட்சுக்கு ஆயா "பைப்புல கட்டுறதுன்னா கட்டிக்க"ன்னு சொல்லிட்டாக. ரைஸ்மில் அண்ணே, ஞாயித்துக்கிழம வர்றீகளா, சாப்பாடு நம்ம வீட்லதான்.