புது கார் நடுங்குகிறது, ரன்னிங் இன் சமயத்தில் (புது என்ஜின் பழகும் முதல் சில நூறு கிலோமீட்டர்) இது சகஜமா?

வைகைக்கரை:
வணக்கம், அவசரமாகக் கேட்கிறேன். வண்டி எடுத்து 12 நாள்தான் ஆகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சீட்டோடு சேர்ந்து நடுங்குகிறது, முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வேறு. 1000 கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டுங்கள் என்று ஷோரூமில் சொன்னார்கள், அப்படித்தான் ஓட்டுகிறேன். அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டு ஏறி மூணாறு போக வேண்டும். போகலாமா?

டீசல்மணி:
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

மலைப்பாதை:
நிற்கும்போதும் நடுங்குகிறதா, ஓடும்போது மட்டுமா? எந்த கியரில், எத்தனை வேகத்தில்? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

பங்க்_ஓரம்:
பெட்ரோல்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்து விற்கிறார்கள், அதில் தண்ணீர் சேர்ந்தால் வண்டி இப்படித்தான் உதறும். டேங்கைக் காலி செய்துவிட்டு வேறு பங்கில் போட்டுப் பாருங்கள்.

பழைய_கராஜ்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவைதான் பதில் எழுதுவது. லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்குகிறார்கள், கூட வரும் கையேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பதில்லை. தம்பி, 1000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்று. புது என்ஜினில் உரசி வரும் இரும்புத் தூள் அத்தனையும் அந்த ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

டீசல்மணி:
அண்ணே, கையேட்டைப் படி என்று நீங்களே சொல்கிறீர்கள். இப்போதைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷத்தில்தான் முதல் ஆயில் மாற்றம் என்று அதே கையேட்டில் போட்டிருக்கிறது. 1000த்தில் சும்மா சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். தூளைப் பிடிக்கத்தானே ஃபில்டர் இருக்கிறது?

பழைய_கராஜ்:
நான் என்ஜின் பிரித்த காலத்தில் நீ பிறந்திருக்க மாட்டாய். கண்ணுக்குத் தெரியாத பொடி ஃபில்டரில் நிற்காது. எங்கள் அம்பாசடரில் முதல் ஆயிலை வடித்தபோது சட்டியில் மினுமினுவென்று மிதந்ததை நானே பார்த்தேன்.

டீசல்மணி:
அம்பாசடர் காலத்து சிலிண்டரும் இப்போதைய சிலிண்டரும் ஒன்றா? முன்கூட்டி மாற்றினால் கெடுதல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மாற்றாவிட்டால் என்ஜின் போய்விடும் என்று பயமுறுத்தாதீர்கள்.

வைகைக்கரை:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். பெட்ரோல், மேனுவல், 3 சிலிண்டர், டர்போ கிடையாது. 640 ஓடியிருக்கிறது. நிற்கும்போது லேசாகத்தான் இருக்கும். வத்தலக்குண்டு ரோட்டில் 5வது கியரில் 40ல் போய், முந்துவதற்கு மிதித்தால்தான் அந்தச் சத்தம். ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஏறக்கூடாது என்று சீக்கிரம் சீக்கிரமாக கியரை மாற்றிவிடுவேன், முள் 1200 பக்கம்தான் நிற்கும். 50க்கு மேல் போனால் அப்பா திட்டுகிறார்.

மலைப்பாதை:
காரணம் கிடைத்துவிட்டது. வண்டியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மேட்டில் சைக்கிளில் ஆளையும் ஏற்றிக்கொண்டு நின்று நின்று மிதிப்போமே, அந்தத் திணறல்தான் இது. 5வதில் 40 என்பது என்ஜினுக்குச் சுமை. அந்த நேரத்தில் மிதித்தால் என்ஜினுக்குள் தண்டைத் தாங்கும் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்து, அடி நேராக உலோகத்தில் விழும். புது என்ஜினை வேகமாக ஓட்டுவதைப் போலவே இப்படித் திணறடிப்பதும் கெடுதல். அதே 40ல் 3வது கியர் போடுங்கள், முள் 2000 பக்கம் வரும், சத்தம் நின்றுவிடும்.

மெதுவாக ஓட்டுவது என்றால் உருட்டிக்கொண்டே போவது இல்லை. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட்டு அனுப்புகிறார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், அதாவது பிஸ்டன் ரிங், அதில் உரசி உரசித்தான் படிய வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். அதனால் மிதமான மிதி வேண்டும். 2000க்கும் 3000க்கும் நடுவில் ஏறி இறங்கட்டும், ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டாம், முழு மிதி வேண்டாம். கையேட்டில் வேறு வரம்பு போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

போடிமெட்டு தாராளமாகப் போகலாம். வளைவுக்கு முன்பே 2வதுக்கு வந்துவிடுங்கள், திணறிய பிறகு மாற்றாதீர்கள். இறங்கும்போதும் அதே கியர்தான், பிரேக் பேடும் புதுசு, அதையே நம்பி இறங்கக் கூடாது. கிளம்பும் நாள் காலையில் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். புது என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும்.

பங்க்_ஓரம்:
எதற்கும் பெட்ரோலை மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை.

டீசல்மணி:
புது வண்டி அது, 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததெல்லாம் எத்தனால் தாங்கும் பாகங்களோடுதான் வருகிறது. பாவம், அவரை அலைய விடாதீர்கள்.

வைகைக்கரை:
3வதில் ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் சுத்தமாக இல்லை. அப்பாவையும் ஓட்டச் சொன்னேன், அவரும் சரி என்றுவிட்டார். ரொம்ப நன்றி அண்ணா, ஞாயிறு கிளம்புகிறோம்.

மலைப்பாதை:
சந்தோஷம். டிப்ஸ்டிக் பார்த்தீர்களா?

பழைய_கராஜ்:
1000த்தில் ஆயில், மறக்காதே தம்பி.